கோப்பையா, பட்டமா: நீந்தத் தெரிந்த பிள்ளைக்கு அமெரிக்காவில் எந்தக் கல்லூரி?

1859 ஜூலை 1 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிட்ஸ்ஃபீல்டு நகரில் ஆம்ஹர்ஸ்ட், வில்லியம்ஸ் என்ற இரண்டு சின்னக் கல்லூரிகள் பேஸ்பால் ஆடின. அமெரிக்காவில் கல்லூரிகளுக்கு இடையே நடந்த முதல் பேஸ்பால் ஆட்டம் அதுதான். ஆம்ஹர்ஸ்ட் 73-32 என்று ஜெயித்தது. மறுநாள் அதே இரண்டு கல்லூரிகளும் சதுரங்கப் பலகைக்கு எதிரெதிரே உட்கார்ந்தன. அதிலும் ஆம்ஹர்ஸ்ட்தான் ஜெயித்தது. மட்டையும் பந்தும் போதாது, புத்தியிலும் உன்னை மிஞ்சிக் காட்டுகிறேன் என்ற வீம்பு அந்த முதல் வாரத்திலேயே வந்துவிட்டது. இன்றுவரை அது குறையவில்லை.

இந்த வீம்பு இப்போது எங்கள் வீட்டுக்குள்ளும் நுழைந்திருக்கிறது. என் அண்ணன் மகள் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். நன்றாக நீந்துவாள். பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15 முதல் டிவிஷன் ஒன்று, அதாவது கல்லூரி விளையாட்டின் மேல்தட்டில் இருக்கும் கல்லூரிகளின் கோச்சுகள் நேரடியாகப் பேசலாம் என்பது விதி. அன்றிலிருந்து அவள் போன் ஓயவில்லை. அண்ணன் கல்லூரிகளின் தரவரிசைப் பட்டியலைப் பிரித்து வைத்துக்கொண்டு பேசுகிறார். அவளோ எந்தக் கல்லூரி எந்தக் கல்லூரியைத் தோற்கடித்தது என்பதை வைத்துப் பேசுகிறாள். "அத்தை, நீங்களே சொல்லுங்க" என்று என்னிடம் வந்தார்கள். ஒரு மாதம் உட்கார்ந்து படித்து, நாலைந்து கல்லூரிகளுக்குக் கூடவே போய்ப் பார்த்து நான் அவர்களுக்குச் சொன்னதுதான் இது. அவள் நிலையில் இருக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் உதவும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைத் தள்ளி வைத்துவிடலாம். பரம வைரிகளாக இருக்கும் இரண்டு கல்லூரிகளுக்கு நடுவே தேர்ந்தெடுப்பது பெரிய முடிவே இல்லை. ஹார்வர்டும் யேலும் 1852இல் ஒரு ஏரியில் படகு ஓட்டிப் போட்டியிட்டதுதான் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் தொடக்கம். அந்தப் போட்டிக்குச் செலவு செய்தது ஒரு ரயில்வே நிறுவனம், பயணிகளை இழுப்பதற்காக. 1968இல் இவர்கள் ஆடிய ஃபுட்பாலில் (நம் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் பிடித்து ஓடும் அமெரிக்க ஆட்டம்) கடைசி 42 விநாடியில் ஹார்வர்டு 16 புள்ளி எடுத்து ஆட்டத்தை 29-29 என்று சமன் செய்தபோது, அதன் மாணவர் பத்திரிகை 'ஹார்வர்டு யேலை வென்றது, 29-29' என்றே தலைப்புப் போட்டது. அவ்வளவு பற்று! ஆனால் ஒரு மாணவருக்கு அந்த இரண்டு இடமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மிஷிகன், ஓஹையோ ஸ்டேட் இரண்டும் அப்படியே. 2023 பருவத்தில் மிஷிகன் ஃபுட்பால் சாம்பியன், 2024 பருவத்தில் ஓஹையோ ஸ்டேட். அந்த வெற்றி தோல்வியை வைத்து நான்கு வருட வாழ்க்கையை முடிவு செய்ய முடியாது. வைரிகள் ஒரே அச்சில் வார்த்தவர்கள். முடிவெடுக்க வேண்டியது எந்த அச்சு என்பதைத்தான்.

அப்படிப் பார்த்தால் அவள் முன்னால் நான்கு அச்சுகள் இருக்கின்றன. ஃபுட்பாலும் பாஸ்கெட்பாலும் ஊரையே ஆட்டிப்படைக்கும் பெரிய பல்கலைக்கழகங்கள் ஒன்று. ஸ்டான்ஃபோர்டு, பெர்க்லி, வர்ஜீனியா மாதிரி படிப்பு, விளையாட்டு இரண்டிலும் உச்சியில் இருப்பவை இரண்டாவது. ஹார்வர்டும் யேலும் சேர்ந்த ஐவி லீக்கின் எட்டுக் கல்லூரிகள் மூன்றாவது. டிவிஷன் மூன்று என்ற, வெளியே அதிகம் பேசப்படாத உலகம் நான்காவது.

பெரிய ஸ்டேடியப் பல்கலைக்கழகங்களைப் பற்றி நம் வீடுகளில் ஓர் இளக்காரம் உண்டு. 'அங்கே ஆட்டம்தான், படிப்பு எங்கே' என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மிஷிகன் ஸ்டேடியத்தில் 107,601 பேர் உட்காரலாம். அந்தக் கூட்டத்தில் ஒருத்தியாக நின்று பாடுவது பதினெட்டு வயதில் ஒரு பெரிய அனுபவம், அதற்கு மதிப்பு உண்டு. கல்லூரிகளுக்கும் இது தெரியும். 1984இல் பாஸ்டன் காலேஜின் டக் ஃப்ளூட்டி கடைசி விநாடியில் எறிந்த பந்து மயாமியைத் தோற்கடித்த பிறகு அந்தக் கல்லூரிக்கு விண்ணப்பங்கள் குவிந்தன. அதனால் அந்த விளைவுக்கே அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. 2013இல் ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலில் இருந்து வந்த ஓர் ஆய்வு இதை அளந்தது. ஃபுட்பாலில் நடுத்தரமாக இருந்த ஒரு கல்லூரி உச்சிக்குப் போனால் விண்ணப்பங்கள் 18.7 சதவீதம் கூடுகின்றன என்றது. அலபாமா பல்கலைக்கழகம் 2007இல் நிக் சேபனை ஃபுட்பால் கோச்சாகக் கொண்டுவந்தபோது அங்கே சுமார் 25,000 மாணவர்கள். பத்து வருடத்தில் அது சுமார் 38,000. அதே காலத்தில் நல்ல மதிப்பெண் எடுத்த வெளிமாநிலப் பிள்ளைகளுக்கு உதவித்தொகையை அள்ளிக் கொடுத்தது. கோப்பையைக் காட்டிப் படிப்பாளிகளை இழுத்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். ஆடாத, பார்க்க மட்டும் ஆசைப்படும் பிள்ளைக்கு, கட்டணமும் தள்ளுபடி ஆகிறது, தான் விரும்பும் துறையும் அங்கே நன்றாக இருக்கிறது என்றால், நான் தயங்காமல் போகச் சொல்வேன்.

ஆனால் ஆடும் பிள்ளைக்குக் கணக்கு வேறு. உதவித்தொகை என்றதும் முழுப் பணமும் கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். நீச்சலில் நெடுங்காலமாக அப்படி இல்லை. ஒரு பெண்கள் அணிக்கு 14, ஆண்கள் அணிக்கு 9.9 என்று உதவித்தொகை வரம்பு இருந்தது. கோச் அதைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பலருக்குக் கொடுப்பார். கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்புக்கும் வீரர்களுக்கும் இடையே 2025 ஜூனில் நீதிமன்றம் ஒப்புக்கொண்ட பெரிய உடன்பாட்டுக்குப் பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு அந்த வரம்பு போய், அணியில் இத்தனை பேர்தான் என்ற வரம்பு வந்துவிட்டது. நீச்சலுக்கு அது 30. கூடவே, ஒரு கல்லூரி முதல் வருடத்தில் சுமார் 2.05 கோடி டாலர்வரை வீரர்களுக்கே நேரடியாகப் பங்கு கொடுக்கலாம் என்றும் ஆனது. கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் அந்தப் பணத்தில் பெரும்பகுதி ஃபுட்பாலுக்கும் ஆண்கள் பாஸ்கெட்பாலுக்கும் போகிறது. அதற்குக் காசு எங்கிருந்து வரும்? காசு சம்பாதிக்காத விளையாட்டுகளிடமிருந்துதான். 2020இல் மிஷிகன் ஸ்டேட் தன் நீச்சல் அணிகளையே கலைத்தது. 2025 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் கால் பாலி பல்கலைக்கழகமும் கலைத்தது. வைரிக் கல்லூரியை ஃபுட்பாலில் மிஞ்ச வேண்டும் என்ற வெறிக்குப் பலியாவது இந்த மாதிரி அணிகள்தான் என்பது எனக்கு உண்மையிலேயே கோபம் வரவழைக்கும் விஷயம். அந்தப் பிள்ளைகள் பத்து வருடம் விடியற்காலையில் எழுந்து நீந்தி அங்கே வந்து சேர்ந்தவர்கள்.

அப்புறம் நேரம். சீசனில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி கூடாது என்பது விதி. நல்ல விதிதான். ஆனால் பஸ்ஸிலும் விமானத்திலும் போகும் நேரம் அதில் சேராது. போட்டி நடக்கும் நாள் எவ்வளவு நீண்டாலும் மூன்று மணி என்றே எழுதப்படும். தோள்பட்டைக்கு ஐஸ் வைத்துக்கொண்டு உட்காரும் நேரமும் எண்ணப்படாது. பிற்பகல் முழுக்கப் பயிற்சி என்றால், பிற்பகலில் நடக்கும் கெமிஸ்ட்ரி லேபை எப்படி எடுப்பது? அவள் பயோ எஞ்சினியரிங் படிக்க ஆசைப்படுகிறாள். நாங்கள் போன ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் அணிப் பெண்களிடம் என்ன மேஜர், அதாவது முக்கியப் பாடம் என்று கேட்டோம். முக்கால்வாசிப் பேர் ஒரே இரண்டு துறைகளைச் சொன்னார்கள். தவறான துறைகள் இல்லை. ஆனால் அத்தனை பேருக்கும் அதே ஆசை தானாக வந்திருக்குமா?

இந்த அழுத்தம் எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு நார்த் கரோலினா பல்கலைக்கழகம் ஒரு பாடம். பத்து மைல் தள்ளி டியூக். பாஸ்கெட்பாலில் டியூக்குக்கு ஐந்து தேசியப் பட்டம், இவர்களுக்கு ஆறு. படிப்பிலும் யாருக்கும் இளைத்தவர்கள் இல்லை என்ற பெருமை இரு பக்கமும் உண்டு. அந்தப் பெருமைமிக்க இடத்தில், 1993 முதல் 2011 வரை வகுப்பே நடக்காத பாடங்களுக்கு ஒரு கட்டுரை மட்டும் வாங்கிக்கொண்டு மதிப்பெண் போட்டிருக்கிறார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் அவற்றை எடுத்தார்கள், அதில் ஏறத்தாழப் பாதிப் பேர் விளையாட்டு வீரர்கள் என்று 2014இல் வந்த விசாரணை அறிக்கை சொன்னது. அந்தப் பிள்ளைகளை ஏமாற்றியது யார்? அவர்களுக்குப் பட்டம் கிடைத்தது, படிப்பு கிடைக்கவில்லை. எந்தக் கல்லூரியில் எந்தக் கோச் நல்ல பெயரோடு பேசினாலும், 'உங்கள் அணியில் எஞ்சினியரிங் முடித்தவர்கள் யார் யார், எத்தனை வருடத்தில் முடித்தார்கள்' என்று கேட்கச் சொல்வது இதனால்தான்.

இந்தியாவிலிருந்து எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வரும் வீரர்களுக்கு இன்னொரு சங்கதி. 2021 ஜூலை முதல் மாணவர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம். ஆனால் எஃப்-1 விசா வேலை செய்வதைக் கடுமையாகக் கட்டுப்படுத்துகிறது. கூட நீந்துபவர் சம்பாதிப்பதைப் பார்த்து நாமும் கையெழுத்துப் போட்டால் விசாவுக்கே ஆபத்து வரலாம். கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தையும் ஒரு குடிவரவு வக்கீலையும் கேட்காமல் எதிலும் இறங்கக் கூடாது.

இரண்டாவது அச்சு, எல்லோரும் கனவு காண்பது. ஸ்டான்ஃபோர்டு 1994-95 முதல் 2018-19 வரை தொடர்ந்து 25 வருடம், எல்லா விளையாட்டையும் சேர்த்து எண்ணிக் கொடுக்கும் டைரக்டர்ஸ் கப்பை வாங்கியது. சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாவின் மறுபக்கம் பெர்க்லி, ஒலிம்பிக் நீச்சல் வீரர்களின் தாய்வீடு. வர்ஜீனியாவின் பெண்கள் அணி 2021 முதல் 2025 வரை ஐந்து வருடமும் தேசியப் பட்டம் வென்றது. அந்த அணியில் நீந்திய கேட் டக்ளஸ் அங்கேயே ஸ்டாட்டிஸ்டிக்ஸில் மேற்படிப்பும் படித்து, 2024 பாரிஸில் தங்கமும் வாங்கினார். இரண்டையும் ஒருவரே செய்ய முடியும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? முடிந்தால் இதுவே சிறந்தது. ஆனால் அந்த வாசலில் நிற்கவே ஒலிம்பிக் டிரயல்ஸ் என்ற தேர்வுப் போட்டிக்குப் போகும் அளவுக்கு வேகமான நேரங்கள் வேண்டும். எங்கள் பெண்ணின் நேரம் அதற்குச் சற்றுத் தள்ளியே இருக்கிறது. அதை அவளே சொன்னாள், எனக்குத்தான் மனசு கனத்தது. இந்த இடங்களும் முழுப் பாதுகாப்பு இல்லை. 2020இல் ஸ்டான்ஃபோர்டு தன் 36 விளையாட்டுகளில் 11ஐ நிறுத்துவதாக அறிவித்து, பழைய மாணவர்கள் பொங்கி எழுந்த பிறகு 2021 மே மாதம் பின்வாங்கியது. 2024இல் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் அட்லாண்டிக் கடற்கரைப் பெயர் கொண்ட கான்ஃபரன்ஸில், அதாவது தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் கல்லூரிகளின் கூட்டத்தில் சேர்ந்துவிட்டன. பசிபிக் ஓரத்தில் படிக்கும் பிள்ளை கான்ஃபரன்ஸ் போட்டிக்கு நாட்டின் மறுகோடிக்குப் பறக்க வேண்டும்.

மூன்றாவதான ஐவி லீக்கில்தான் நான் அதிக நேரம் செலவிட்டேன். அங்கே விளையாட்டுக்கு உதவித்தொகை கிடையாது. முதலில் கேட்டபோது அண்ணனுக்கு முகம் வாடிவிட்டது. ஆனால் இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். அங்கே கிடைக்கும் உதவி குடும்ப வருமானத்தைப் பொறுத்தது, நீச்சலைப் பொறுத்தது இல்லை. இரண்டாவது வருடம் தோள்பட்டை போய்விட்டாலும், 'போதும், இனி லேபில்தான் என் நேரம்' என்று அவளே முடிவு செய்தாலும், உதவி அப்படியே இருக்கும். பெரிய கான்ஃபரன்ஸ்களில் காயத்தைக் காரணம் காட்டி உதவித்தொகையைப் பறிக்கக் கூடாது என்று 2015இல் விதி வந்தது, சரி. ஆனால் தானாக விலகினால் அது போய்விடும். விரும்பி நீந்துவதற்கும் விலக முடியாமல் நீந்துவதற்கும் உள்ள தூரம் அது. ஹார்வர்டு 2025-26 முதல், வருடம் இரண்டு லட்சம் டாலருக்குள் வருமானம் உள்ள குடும்பங்களுக்குக் கல்விக் கட்டணம் இல்லை என்று சொல்லியிருக்கிறது. ஐவி லீக் அந்த 2025 உடன்பாட்டிலும் சேரவில்லை.

விளையாட்டு அங்கே அட்மிஷனுக்குத்தான் உதவுகிறது. கோச் பட்டியலில் பெயர் இருந்து, மதிப்பெண்களை வைத்துப் போடும் அகாடமிக் இண்டெக்ஸ் என்ற கணக்கிலும் தேறினால், முடிவு வரும் நாளுக்கு முன்பே 'பெரும்பாலும் இடம் உண்டு' என்ற கடிதம் வரும். இது நியாயமா என்று கேட்டால், முழுக்க நியாயம் என்று என்னால் சொல்ல முடியாது. 2023இல் வந்த செட்டி, டெமிங், ஃப்ரீட்மன் என்ற பொருளாதார அறிஞர்களின் ஆய்வு, இப்படி எடுக்கப்படும் விளையாட்டு வீரர்களில் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் அதிகம் என்று காட்டியது. நீச்சல்குளமும் தனிப் பயிற்சியும் எல்லா வீட்டுக்கும் எட்டுவதில்லை. அந்த வசதி நமக்குக் கிடைத்தது என்பதை அவளும் தெரிந்துகொண்டு போக வேண்டும் என்று சொன்னேன்.

அதே ஆய்வில் அண்ணனுக்கும் ஒரு செய்தி இருந்தது. ஐவிகளோடு ஸ்டான்ஃபோர்டு, எம்ஐடி, டியூக், சிகாகோ சேர்ந்த பன்னிரண்டில் ஒன்றில் படிப்பதால், நல்ல அரசுப் பல்கலைக்கழகத்தில் படித்தவரைவிடச் சராசரி வருமானம் பெரிதாகக் கூடுவதில்லை. உச்சத்தில் இருக்கும் ஒரு சதவீதத்துக்குள் போகும் வாய்ப்பு மட்டும் ஐம்பது சதவீதம் கூடுகிறது. அதற்கு முன்பே 2002இல் டேல், க்ரூகர் என்ற இரண்டு ஆய்வாளர்கள், அதே கல்லூரிகளில் இடம் கிடைத்தும் வேறிடம் போன மாணவர்கள் வருமானத்தில் பின்தங்கவில்லை என்று காட்டியிருந்தார்கள். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் பெயர் பெற்ற கல்லூரி உண்மையாகவே கைகொடுத்தது. தரவரிசைப் பட்டியலையும் கண்மூடி நம்ப முடியாது. 2022இல் ஐவி கல்லூரியான கொலம்பியா பல்கலைக்கழகம் கொடுத்த விவரங்களை அதன் கணிதப் பேராசிரியரே கேள்வி கேட்டார். இரண்டாம் இடத்தில் இருந்த கல்லூரி அந்த வருடமே பதினெட்டுக்குப் போனது. ஒரே வருடத்தில் அங்கே சொல்லிக்கொடுப்பது பதினாறு படி இறங்கிவிட்டதா என்ன!

நான்காவது அச்சை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை, நாங்களே கண்டுபிடித்தோம். டிவிஷன் மூன்றில் நானூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் இருக்கின்றன. இங்கும் விளையாட்டு உதவித்தொகை கிடையாது. எம்ஐடி, சிகாகோ, கால்டெக், ஆம்ஹர்ஸ்ட், வில்லியம்ஸ் எல்லாம் இங்கேதான். 'அப்படியானால் போட்டியே இருக்காதே' என்றாள் அவள். ஓஹையோவில் கென்யன், டெனிசன் என்று இரண்டு சிறு கல்லூரிகள். கென்யனின் ஆண்கள் நீச்சல் அணி 1980 முதல் 2010 வரை தொடர்ந்து 31 தேசியப் பட்டம் வென்றது. 2011இல் டெனிசன் அதை முறியடித்தது, ஒரே ஒரு புள்ளியில். டெலிவிஷனும் இல்லை, லட்சம் பேர் கூட்டமும் இல்லை. இதைப் படித்துக் காட்டியபோது அவள் கண்ணில் வந்த வெளிச்சம் எனக்குப் பதில் சொல்லிவிட்டது. கால்டெக்கின் பாஸ்கெட்பால் அணி கான்ஃபரன்ஸ் ஆட்டங்களில் தொடர்ந்து 310 தோற்று, 2011 பிப்ரவரியில் 46-45 என்று ஜெயித்தது. அத்தனை வருடமும் யாரோ ஒரு மாணவர் பனியனை மாட்டிக்கொண்டு களத்தில் இறங்கியிருக்கிறாரே!

சிகாகோ பல்கலைக்கழகத்தின் கதையையும் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் அது ஃபுட்பால் வல்லரசு. வருடத்தின் சிறந்த கல்லூரி ஃபுட்பால் வீரருக்குத் தரும் ஹைஸ்மன் கோப்பை முதன்முதலில் 1935இல் அதன் ஜே பெர்வாங்கருக்குத்தான் போனது. 1939இல் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ், பல்கலைக்கழகத்துக்கு இது வேண்டாம் என்று ஃபுட்பாலையே நிறுத்தினார். வெறுமையாகக் கிடந்த அந்த ஸ்டேடியத்தின் பார்வையாளர் வரிசைக்கு அடியில்தான், 1942 டிசம்பர் 2 அன்று என்ரிக்கோ ஃபெர்மியின் குழு உலகின் முதல் கட்டுப்படுத்தப்பட்ட அணுத் தொடர்வினையை நடத்தியது. படிப்பு ஜெயித்துவிட்டது என்று இதைச் சொல்வார்கள். ஆனால் 1969இல் மாணவர்களின் ஆசையால் ஃபுட்பால் திரும்பி வந்தது, இந்தமுறை உதவித்தொகையும் பெரிய ஸ்டேடியமும் இல்லாமல். எனக்குப் பிடித்த பகுதி அந்தத் திரும்பி வந்ததுதான்.

டிவிஷன் மூன்றின் குறை பணம். மதிப்பெண்ணுக்கு உதவி தரும் கல்லூரிகள் உண்டு, குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தருபவையும் உண்டு. ஆனால் நடுத்தர வருமானக் குடும்பம் இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்ளலாம். ஒவ்வொரு கல்லூரித் தளத்திலும் செலவுக் கணக்கு போடும் கருவி இருக்கிறது. கோச்சிடம் பேசுவதற்கு முன்பே அதைப் போட்டுப் பார்த்துவிட வேண்டும். நாங்கள் தாமதமாகப் போட்டதால் இரண்டு கல்லூரிகளிடம் வீணாக மூன்று மாதம் பேசினோம்.

ஆக, என் தீர்ப்பு இதுதான். ஒலிம்பிக் டிரயல்ஸ் நேரம் இருக்கும் பிள்ளைக்கு இரண்டாவது அச்சு. குடும்பத்துக்குப் பணம் உண்மையிலேயே பிரச்சினை, வேறு வழியில்லை என்றால் பெரிய ஸ்டேடியப் பல்கலைக்கழகம். ஆனால் எவ்வளவு, எத்தனை வருடம், விலகினால் என்ன ஆகும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு. என் அண்ணன் மகளுக்கு, ஐவி கிடைத்தால் ஐவி. கிடைக்காவிட்டால் அதற்குச் சற்றும் குறையாத மகிழ்ச்சியோடு டிவிஷன் மூன்று. கல்லூரி வீரர்களில் நீச்சலோ வேறெதோ தொழிலாகப் பிழைப்பவர்கள் இரண்டு சதவீதம்கூட இல்லை. அவள் அந்தக் கணக்கில் இல்லை என்பது அவளுக்கே தெரியும். ஆனால் நீந்தாமல் அவளால் இருக்க முடியாது என்பது எனக்குத் தெரியும்.

அண்ணன் இன்னும் பட்டியலை மூடி வைக்கவில்லை. அடுத்த மாதம் ஒரு சிறு கல்லூரிக்குப் போகிறோம், அங்கே ஒருநாள் அணியோடு தங்கப்போகிறாள். கோச்சிடம் கேட்கச் சொல்லி மூன்று கேள்விகள் எழுதிக் கொடுத்தேன். லேபும் பயிற்சியும் ஒரே நேரத்தில் வந்தால் யார் விட்டுக்கொடுப்பார்கள்? போன ஐந்து வருடத்தில் அணியை விட்டு விலகியவர்கள் எத்தனை பேர், அவர்களில் ஒருவரோடு பேச முடியுமா? உங்கள் வைரிக் கல்லூரிக்குப் போயிருந்தால் எனக்கு என்ன கிடைத்திருக்கும்? கடைசிக் கேள்விக்குக் கோபப்படாமல் பதில் சொல்லும் கோச் கிடைத்தால், உடனே எனக்குப் போன் செய்யச் சொல்லியிருக்கிறேன்.